அப்பாவுக்கு எம்ஆர்ஐ எடுக்கணும், பேஸ்மேக்கர் அட்டை தொலைஞ்சுபோச்சு

வணக்கம். அப்பாவுக்கு 74 வயசு. இதயத் துடிப்பைச் சீராக்குற பேஸ்மேக்கர் கருவி நெஞ்சுல வெச்சிருக்கு. இடுப்புல ஆரம்பிச்சு வலது கால் முழுக்க வலி. எங்க தாலுகா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும்தான். முதுகுத்தண்டு எம்ஆர்ஐக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தாங்க. அங்கே போனா, பேஸ்மேக்கர் மாடல் எழுதின அட்டை இல்லாம எடுக்க முடியாதுன்னுட்டாங்க. அவங்க சொல்றது நியாயம்தான், எல்லா பேஸ்மேக்கரும் எம்ஆர்ஐ மெஷினோட காந்தத்தைத் தாங்காது. 2017-ல வெச்சது. வீடு மாறினப்போ அட்டை போயிடுச்சு. வெச்ச ஆஸ்பத்திரியும் இப்போ இல்லை.

நெஞ்சு எக்ஸ்ரேயில தெரியுற குறியீட்டை வெச்சே கம்பெனியையும் மாடலையும் கண்டுபிடிக்கலாம்னு டெக்னீஷியன் ஒருத்தர் சொன்னார். யாராவது அப்படிச் செஞ்சிருக்கீங்களா? இதயப் பிரிவுல கேட்கணுமா, ரேடியாலஜியிலயா? மதுரைப் பக்கம் பேஸ்மேக்கரோட எம்ஆர்ஐ எடுத்தவங்க இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க. படுத்தா வலி கூடுதுன்னு அப்பா உட்கார்ந்தேதான் தூங்குறார்.