உதவி: விளக்கெண்ணெய் ஃபோம் மறுநாளே சுருங்கிவிடுகிறது

ஆத்தங்குடி பட்டறை:
வணக்கம். கொஞ்சம் அவசரம். விளக்கெண்ணெயும் பழைய தண்ணீர் பாட்டிலைக் கரைத்து எடுத்த பாலியாலும் (ஐசோசயனேட்டோடு கலந்தால் ஃபோம் ஆகிற திரவம்) சேர்த்துக் கெட்டி பாலியூரித்தேன் ஃபோம் ஊற்றுகிறேன். பொங்குவது நன்றாகத்தான் பொங்குகிறது. மறுநாள் காலையில் பார்த்தால் நாலு பக்கமும் உள்வாங்கிக் கொப்பரை மாதிரி கிடக்கிறது. மூன்று தடவையும் இதே கதி. என்ன செய்யலாம்?

குன்றக்குடி மாணவி:
அண்ணே, எது எத்தனை கிராம்? ஐசோசயனேட் எந்த வகை? பாட்டிலை எதில் கரைத்தீர்கள்? எத்திலீன் கிளைக்கால் என்றால் ஆறியதும் மெழுகு மாதிரி உறைந்துவிடும். டைஎத்திலீன் கிளைக்கால் என்றால் திரவமாகவே நிற்கும். இதெல்லாம் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

தேவகோட்டை தச்சர்:
சிலிக்கான்தான் காரணம். தையல் மெஷினுக்குப் போடும் சிலிக்கான் எண்ணெயை ஊற்றியிருப்பீர்கள். அது நுரையை உடைத்துவிடும். ஃபோமுக்கென்றே விற்கிற சிலிக்கான் வாங்குங்கள், சரியாகிவிடும்.

பள்ளத்தூர் செக்கு:
எண்ணெயைப் பாருங்கள் தம்பி. நாட்டு விளக்கெண்ணெய் தண்ணீரில் காய்ச்சி எடுப்பது. ஈரம் நிற்கும். 110 டிகிரியில் சடசடப்பு அடங்கும்வரை சூடாக்கி, ஆறவிட்டு ஊற்றுங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் கடலை எண்ணெயில் செய்து பாருங்களேன், விலையும் குறைவு.

குன்றக்குடி மாணவி:
கடலை எண்ணெய் வேலைக்கு ஆகாது அண்ணே. ஐசோசயனேட் பிடித்துக்கொள்ள எண்ணெயில் ஹைட்ராக்சில் (OH) தொகுதி வேண்டும். விளக்கெண்ணெயில் 90 சதவீதத்துக்குக் கொஞ்சம் முன்பின் ரிசினோலிக் அமிலம் இருப்பதால் அது இயற்கையிலேயே உண்டு. கடலை எண்ணெயில் நாமாக ஏற்ற வேண்டும், அது தனி வேலை.

காரைக்குடி ரசாயனம்:
இதைப் பலமுறை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. சிலிக்கான் தவறினால் பொங்கும்போதே அமுங்கும். பொங்கி நின்று மறுநாள் சுருங்குவது வேறு நோய். ஃபோமின் மூடிய நுண்ணறைகளுக்குள் இருக்கும் கார்பன் டைஆக்சைடு வேகமாக வெளியேறும், காற்று மெதுவாகத்தான் உள்ளே வரும். நடுவில் வெற்றிடம். சுவர் பலமில்லை என்றால் நொறுங்கும். விளக்கெண்ணெயின் ஹைட்ராக்சில் எண் (ஹைட்ராக்சில் எவ்வளவு இருக்கிறது என்பதன் அளவு) 160 அளவுதான். கெட்டி ஃபோமுக்கு 350, 400 வேண்டும். இந்த அடிப்படை தெரியாமல் எம்டிஐ (ஃபோமுக்குப் போடும் ஐசோசயனேட்) டிரம்மைத் திறக்கக்கூடாது.

ஆத்தங்குடி பட்டறை:
மன்னிக்கவும், எழுத விட்டுப்போச்சு. விளக்கெண்ணெய் 70 கிராம், பாட்டில் பாலியால் 30 (ஹைட்ராக்சில் எண் 400 என்று சோதித்துக் கொடுத்தார்கள், டைஎத்திலீன் கிளைக்காலில் 200 டிகிரியில் கரைத்தது), தண்ணீர் 2, பாலிமெரிக் எம்டிஐ 60. ஃபோம் சிலிக்கானும் அமீன் வினையூக்கியும் உண்டு. விளக்கெண்ணெயைக் காய்ச்சி ஈரம் போக்கிவிட்டுத்தான் ஊற்றினேன்.

பழைய வீடு, கானாடுகாத்தான்:
இது எதற்கு? வீட்டுக் கூரைக்கு என்றால் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விட வேண்டும். மேலே ஃபோமை ஒட்டினால் ஈரம் உள்ளேயே தங்கி, மெருகு பூச்சு உதிர்ந்துவிடும். முற்றமும் உயரமான கூரையும் எதற்காகக் கட்டினார்கள்?

தேவகோட்டை தச்சர்:
இந்த வெயிலில் மாடியில் யாரால் உட்கார முடிகிறது? பழசு பழசு என்று சொல்லி ஆச்சிகளை வேக விடுவதா?

பழைய வீடு, கானாடுகாத்தான்:
அண்ணே, தீப்பிடித்தால் ஃபோம் புகையில் சயனைடு வரும். தேக்கு மரமும் ஓடும் உள்ள வீட்டில் அதை ஒட்டலாமா? இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆத்தங்குடி பட்டறை:
வீட்டுக்கு இல்லை! டைல்ஸ் ஊற்றுகிற தகரக் கொட்டகைக்கு. கண்ணாடிப் பலகை மேல் கலர் ஊற்றுகிற இடம். மத்தியானம் தகரம் கொதிக்கும், கையே வைக்க முடியாது. மேலே ஷீட் போட்டு மூடத்தான் போகிறேன்.

குன்றக்குடி மாணவி:
சரி, கிராம் தெரிந்துவிட்டது. தண்ணீரைக் கணக்கில் சேர்க்கவில்லை அண்ணே! விளக்கெண்ணெய் 70 கிராமில் ஹைட்ராக்சில் 0.20 மோல், பாலியாலில் 0.21. இது இரண்டுக்கும் மட்டும் எம்டிஐ 56 கிராம் போதும், நீங்கள் போட்ட 60 இதற்குத்தான் பொருந்துகிறது. ஆனால் தண்ணீரும் எம்டிஐயோடு சேர்ந்துதான் பொங்கவைக்கும் கார்பன் டைஆக்சைடைத் தருகிறது; 2 கிராம் தண்ணீர் தனியாக 30 கிராம் எம்டிஐயைச் சாப்பிடும். மொத்தம் 86 வேண்டும், பத்து சதவீதம் கூட்டி 94 போடுங்கள். அத்தனை குறைந்தால் சுவர் மெத்தென்றுதான் இருக்கும். அப்புறம் ஒன்று, கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடாதீர்கள், கொட்டகை திறந்தே இருக்கட்டும். எம்டிஐ ஒருமுறை நெஞ்சில் ஒவ்வாமை ஆகிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும்.

காரைக்குடி ரசாயனம்:
கணக்கு சரி. விளக்கெண்ணெயையும் 50க்குக் குறைத்து, பாலியாலை 50 ஆக்குங்கள், இன்னும் கெட்டியாகும். அப்போது எம்டிஐயை மறுபடி கணக்குப் போட வேண்டும்.

ஆத்தங்குடி பட்டறை:
94 போட்டு ஊற்றினேன். முந்தாநாள் ஊற்றியது இன்றைக்கும் அதே அளவு நிற்கிறது, நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை. தங்கச்சிக்கு நன்றி. 50க்கு 50 அடுத்த வாரம்.