கடை முதலாளிக்கு நேர அட்டவணை சரிவருமா?

மொத்தத்துணி (கெய்சர் வீதி, கொழும்புப் புறக்கோட்டை):
என் மருமகன் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்து, கடைக்கு ஓர் அட்டவணை போட்டுத் தந்திருக்கிறான். காலை எட்டு முதல் பத்து வரை போனை அணைத்துவிட்டுக் கணக்குப் பார்க்க வேண்டுமாம். அப்புறம் 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. 'பொமொடோரோ' என்று பெயர். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் 1980களின் கடைசியில், பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்து உண்டாக்கிய முறை. சரி, படிக்கிற பிள்ளைக்கு நல்லதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கும் வியாபாரி, நான் கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறார். திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு முன்னால் அவர் நாலைந்து கடை ஏறி இறங்க வேண்டும். "பத்து மணிக்கு வாருங்கள்" என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். இதெல்லாம் ஏசி அறையில் இருப்பவர்களுக்கு.

கணக்குக்காரன்:
அண்ணா, காலை நேரத்தை அடைத்தது பிழைதான். அதற்காக அட்டவணையே வேண்டாம் என்பதா? சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) முதலாளி இன்னொரு 3 வீதம். சேமலாப நிதியைக் கட்ட அடுத்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும். இருந்தும் கடைசி நாள் மாலையில்தான் பில் கட்டுகளை ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வருகிறீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் புறக்கோட்டையில் பல கடைகள் பூட்டியிருக்கும். அந்த நேரத்தைக் கணக்குக்கு ஒதுக்கலாமே.

மொத்தத்துணி:
தம்பி, பக்கத்துக் கடை பூட்டியிருக்கும் நேரத்தில்தான் எனக்கு வியாபாரமே!

வெள்ளவத்தைத்_தையல்:
உங்கள் இருவருக்கும் வீட்டில் சோறு தானாக வந்துவிடுகிறது போல. நான் வீட்டில் சாரி பிளவுஸ் தைக்கிறேன். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். அதோடு என் பகல் முடிந்தது. இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் "அக்கா, முடிஞ்சுதா?" என்று வரும். அதனால் அளவு எடுக்க இரண்டே நாட்கள் என்று ஆக்கினேன். தைக்கும் கூலியை ஸ்டேட்டஸில் போட்டேன். கொஞ்சப் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும். ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்வதுதான் நேரத்தைத் தின்றது, தையல் அல்ல.

மொத்தத்துணி:
தங்கச்சி, பிளவுஸுக்கு ஒரே கூலி. மொத்த வியாபாரத்தில் ஆளுக்கு ஒரு விலை. காசு கையில் என்றால் ஒன்று, இரண்டு மாதம் தள்ளித் திகதி போட்ட செக் என்றால் இன்னொன்று. 2022 பொருளாதார நெருக்கடியில் யாருடைய செக் திரும்பியது, யார் வீட்டு நகையை அடகு வைத்தாவது கொண்டுவந்து தந்தார் என்பது எனக்குத்தான் தெரியும்.

கணக்குக்காரன்:
சிக்கலே அங்கேதான் அண்ணா. எல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு வரை கடன் என்று ஒரு கொப்பியில் எழுதிக் கடையில் வேலை செய்யும் பொடியனிடம் கொடுங்கள். அதற்குள் அடங்கினால் அவன் முடிக்கட்டும், மீறினால் மட்டும் உங்களிடம் வரட்டும்.

மொத்தத்துணி:
கொடுத்தால் கொப்பியோடு போய் அடுத்த தெருவில் கடை போடுவான். நான் கடை போட்டதும் அப்படித்தான்.

வெள்ளவத்தைத்_தையல்:
ஹஹா. இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கடைப்பொடியன்:
பெரியவர்கள் பேசும் இடத்தில் நான் பேசுவது சரியோ தெரியாது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி எங்களுக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி வேலை. அதில் நல்ல பங்கு, முதலாளி போனை வைக்கட்டும் என்று துணிக்கட்டின் மேல் உட்கார்ந்திருப்பதில் போகிறது. விலை கேட்ட ஆள் நிற்பார், நிற்பார், பிறகு போய்விடுவார். போனை அணைத்து வைத்ததால் போனவரை நான் இன்னும் காணவில்லை, ஐயா. முதலாளி போனில் இருந்ததால் போனவர்கள் நிறையப் பேர். காசுக்கு வாங்குகிறவருக்கு இதற்குக் கீழே குறைக்காதே என்று ஒரு எல்லை சொல்லிவிட்டால் போதும். செக் வாங்கும் அதிகாரம் எங்களுக்கும் வேண்டாம், திரும்பி வந்தால் எங்கள் தலையில்தான் விழும்.

மொத்தத்துணி:
எந்தக் கடை தம்பி நீ?

கடைப்பொடியன்:
சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது ஐயா.

மொத்தத்துணி:
சரி, காசு வியாபாரத்துக்கு மட்டும் தீபாவளி முடிந்த பிறகு விட்டுப் பார்க்கலாம். சீசனில் முடியாது. கடன் கொப்பி என் மேசை லாச்சிக்குள்தான் இருக்கும், அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கணக்குக்காரன்:
அப்போ இந்த மாதச் சேமலாப நிதிக் கணக்கு, அண்ணா?

மொத்தத்துணி:
31ஆம் திகதி பின்னேரம் கொண்டுவருகிறேன்.