மறு: இரத்தம் ஏற்றும் கையேடு: எக்செப்ஷனுக்குத் தமிழ் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,
செவிலியர் மாணவிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல் இடிக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்து மென்பொருள்காரர்கள், இரத்தம் ஏற்றும் நடைமுறையை லிட்டில்-ஜில் என்ற, படமாக வரையும் மொழியில் நிரல் போலவே எழுதிப் பிழை தேடினார்கள். ஒவ்வொரு படியும் ஒரு கறுப்புப் பட்டை. அதன் வலது ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி. பையில் உள்ள பெயர் நோயாளியின் கைப்பட்டையோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பது அந்தக் குறியிலிருந்து தொங்கும். அப்படிப் பொருந்தாமல் போவதுதான் எக்செப்ஷன்; அப்போது செய்ய வேண்டியது ஹேண்ட்லர். 'விதிவிலக்கு' என்று போட்டேன். "அப்போ அந்தப் பையைச் சரிபார்க்க வேண்டாமா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள்.
— பயிற்றுநர், மதுரை

பிறழ்வு?
— நிரலர், கோவை

எங்களுக்கு அது மனநல வார்டுச் சொல், தம்பி.
— மதுரை

புறனடை இருக்க ஏன் இந்த அலைச்சல்? நிலம் நிலன் ஆனதுபோல் புறம் புறன் ஆகி, நடையோடு புணர்ந்து புறனடை. சொல்லாமல் விட்டதையெல்லாம் தொல்காப்பியர் அடக்குவது புறனடை நூற்பாவில்தான். நடை என்றாலே அடியடியாகப் போவதுதானே? உங்கள் 'படி'யையும் 'நடை' என்று மாற்றிவிடலாம்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை

நாங்கள் புறநடை என்றே படித்தோம். விளங்கும்.
— யாழ்ப்பாணம்

ஐயா, புறனடையின் வேலையே வேறு. ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தால் முடியாது, மீதியை உணர்வது 'தெள்ளியோர் திறனே' என்று நன்னூல் கைகழுவிவிடுகிறது. இரவு 2 மணிக்கு ஏ வகை நோயாளியின் கட்டிலருகே பி வகைப் பையோடு நிற்கும் பெண்ணிடம் தெள்ளியோர் திறன் என்றா சொல்வது? ஏற்றாதே, மருத்துவரிடம் சொல், பையை இரத்த வங்கிக்குத் திருப்பு என்று வரிசையாக எழுதியிருக்க வேண்டாமா?
— கோவை

பவணந்தியார் கைகழுவவில்லை, படிப்பவரை மதித்தார்.
— தஞ்சை

வார்டில் நாங்கள் சொல்வது தடங்கல்.
— மதுரை

பழைய டிவியில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று அட்டை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்களே, அதுவா? எக்செப்ஷன் இருந்தது, ஹேண்ட்லர்தான் இல்லை.
— கோவை

வெள்ளி காலை ஆகிவிட்டது. தனிமடல்களையும் சேர்த்தால் தடங்கலுக்கு நான்கு பேர், புறனடைக்கு இரண்டு. தடங்கல் போகிறது. ஹேண்ட்லருக்குத் தமிழ் என்ன என்று இன்றைக்கு யாரும் தொடங்க வேண்டாம்.
— மதுரை

அடிக்குறிப்பிலாவது புறனடை என்று போடுங்கள் அம்மா. றன்னகரம், தந்நகரம் அல்ல. யாழ்ப்பாண நண்பர் மன்னிக்க.
— தஞ்சை