ஸ்கீ பூட்ஸ் விரலில் இடிக்கலாமா?

அடுத்த மாதம் முதல் தடவையாகப் பனிச்சறுக்குப் பழகப் போகிறேன். ஸ்கீ, கம்பு, ஹெல்மெட் எல்லாம் வாடகைக்குத்தான், அதில் குழப்பமில்லை. பிரச்சினை பூட்ஸ். நேற்று 26.5 சைஸ் (பாத நீளம், செ.மீ. கணக்கில்) போட்டுப் பார்த்தேன், நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்னால் லேசாக இடிக்கிறது, முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விலகிவிடுகிறது. கடைக்காரர் அதுதான் சரியான அளவு என்கிறார், எனக்கோ இடித்தால் அடுத்த சைஸ் கேட்டே பழக்கம். இதையே எடுக்கவா, இல்லை 27.5 பார்க்கவா? கெண்டைக்கால் வேறு கொஞ்சம் தடிமன், மேல் பக்கிளைப் போடவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

அப்புறம் உடை. பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் சீக்கிரம் காயாது என்பது தெரியும். உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைத் துணி), மேலே நீர்புகா ஜாக்கெட் போதுமா? சாக்ஸ் மெல்லியதாக ஒன்றே போதும் என்கிறார் நண்பர், உண்மையா? பழகியவர்கள் சொல்லுங்களேன்.