வுட்ஹவுஸ் நாவலை டிவி தொடராக்கினால் பெர்ட்டியின் குரலை என்ன செய்வது?

கேள்வி:
ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸின் பெர்ட்டி வூஸ்டர் கதைகளில் பாதிச் சிரிப்பு அவன் கதை சொல்லும் விதத்தில்தான் இருக்கிறது. திரைக்கதையில் அதைக் காப்பாற்ற பின்னணிக் குரல் போதுமா?

பதில் 1:
வேண்டாங்க. குரல் ஓடும்போது நடிகரின் முகத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். 1990 முதல் 1993 வரை ஐடிவியில் வந்த ‘ஜீவ்ஸ் அண்ட் வூஸ்டர்’ தொடரைப் பாருங்கள். 23 பகுதிகளையும் எழுதியவர் கிளைவ் எக்ஸ்டன் ஒருவரே. பெர்ட்டியின் புலம்பலை அவன் பணியாள் ஜீவ்ஸிடம் பேசும் பேச்சாக்கிவிடுவார். நாவலின் நல்ல உவமைகளை அடிக்கோடிட்டு, காட்சிக்கு ஒன்று மட்டும் வையுங்கள். இரண்டானால் வசனம் ஒப்பிப்பதுபோல ஆகிவிடும். உவமை முடிந்ததும் ஜீவ்ஸ் முகத்துக்கு வெட்டி ஒரு கணம் நிறுத்துங்கள். தொடரில் ஜீவ்ஸாக நடித்த ஸ்டீபன் ஃப்ரையின் புருவம் லேசாக அசையும், அவ்வளவுதான். சிரிப்பு அங்கேதான் வெடிக்கும்.

பதில் 2:
நீளத்தையும் பாருங்கள். 1938இல் வந்த ‘தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்’ நாவலில் பசு வடிவ வெள்ளிப் பால் குடுவை, பெர்ட்டியின் நண்பன் கஸ்ஸியின் குறிப்பேடு, போலீஸ்காரரின் தொப்பி என்று மூன்று பொருள்கள் கைமாறுகின்றன. ஒவ்வொரு காட்சியிலும் எது யார் கையில் என்று முதலில் அட்டவணை போடுங்கள். நேரம் போதவில்லை என்று ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டின் முடிச்சும் அவிழ்ந்துவிடும். ‘ஜீவ்ஸ் அண்ட் வூஸ்டர்’ தொடரில் இந்த நாவலுக்கு இரண்டு பகுதிகள் ஒதுக்கினார்கள். அது சரியான முடிவு.

பதில் 3:
வுட்ஹவுஸின் வேறு கதைகளை வைத்து 2013இல் பிபிசி எடுத்த ‘பிளாண்டிங்ஸ்’ தொடரில் பகுதிக்கு அரை மணி நேரம்தான். அந்த அளவுக்குச் சிறுகதை பொருந்தும், நாவல் பொருந்தாது.