பிக்கோவில் பாட் ரேட்டை ஏற்றினாலும் வேகம் ஏறவில்லையே?

செந்தூல் தம்பி:
ஜாலான் பாசாரில் வாங்கிய ராஸ்பெரி பை பிக்கோ, சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. அதன் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) தரும் அளவுகளை யூஎஸ்பி சீரியலில் மடிக்கணினிக்கு அனுப்புகிறேன். வினாடிக்கு 100,000 அளவுகள் வேண்டும், பாதிகூட வரவில்லை. பாட் ரேட்டை (சீரியலில் வினாடிக்கு எத்தனை பிட் என்ற அமைப்பு) 115200இலிருந்து 921600 ஆக்கியும் அதே கதைதான். கேபிளை மாற்றவா?

பாயான் லெப்பாஸ் அண்ணன்:
கேபிளை விடுங்கள் தம்பி. பிக்கோவின் சிப்பிலேயே யூஎஸ்பி இருக்கிறது, அதனால் அங்கே பாட் ரேட் வெறும் பேருக்குத்தான், என்ன எண் போட்டாலும் ஓடுவது யூஎஸ்பியின் ஃபுல் ஸ்பீட், வினாடிக்கு 12 மெகாபிட். அதில் ஒரு மில்லிவினாடிக்கு 64 பைட் பாக்கெட்டுகள் அதிகபட்சம் 19 போகும், அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 1.2 மெகாபைட், நடைமுறையில் அதற்கும் குறைவு. நீங்கள் println கட்டளை போட்டு ஒவ்வொரு எண்ணையும் ஒரு வரி எழுத்தாக அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். '2047' என்ற அளவு வரிமுடிவோடு 6 பைட், பைனரியில் 2 பைட்தான். ஒரு பஃபரில் (தற்காலிக நினைவிடம்) பல அளவுகளைச் சேர்த்து, ஒரே write-ஆக அனுப்புங்கள்.

கிள்ளான்காரன்:
அப்போ என் அர்டுயினோ ஊனோ போர்டுக்கும் இதேதானா அண்ணே?

பாயான் லெப்பாஸ் அண்ணன்:
இல்லை, அதில் யூஎஸ்பிக்கும் முக்கிய சிப்புக்கும் நடுவில் நிஜமான யூஆர்ட் (பிட் பிட்டாக அனுப்பும் சீரியல் இணைப்பு) இருக்கிறது, பாட் ரேட்தான் அதன் வேகம். 115200 என்றால் ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகளையும் சேர்த்து வினாடிக்கு 11,520 பைட், அவ்வளவுதான். 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் 115200 சுமார் 2% பிசகும், 250000 துல்லியமாக விழும், ஆச்சரியம்தான்.

பிறை வாசி:
கணினிப் பக்கத்தையும் பாருங்கள். பைத்தானில் ஒவ்வொரு பைட்டாக read செய்தால் அங்கேயே தேங்கிவிடும், 4096 பைட்டாக எடுங்கள்.

செந்தூல் தம்பி:
println தான் அண்ணே. இன்றிரவு பைனரிக்கு மாற்றிப் பார்க்கிறேன்.