அப்பாயி கொடியேற்றுவாரா?

அக்கா: நாளை மறுநாள் ஆகஸ்ட் 15. தெருவில் கொடியேற்ற அப்பாயியைக் கூப்பிடுகிறார்கள். தெருவிலேயே மூத்தவர் அவர்தானாம். சரி என்று சொல்லட்டுமா?

சித்தப்பா: வேண்டாம்.

அக்கா: ஏன்?

சித்தப்பா: 'சிலோன்காரம்மாவா ஏத்துறது' என்று எவனாவது சொல்வான். அம்மா தாங்க மாட்டார்.

பெரியப்பா: தம்பி, பொறு. பிள்ளைகளுக்கும் தெரியட்டும். அம்மா பிறந்தது சிலோனில், ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1948-ல் சிலோனுக்குச் சுதந்திரம். அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டத்தில், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போன நம் ஆட்கள் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே. கொழுந்து நிறுக்கிற மாதிரி ஆளை எண்ணினார்கள். அம்மா 1977-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது

சித்தப்பா: அண்ணே, எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

தம்பி: எனக்குத் தெரியாது. சொல்லுங்கள் பெரியப்பா.

பெரியப்பா: இந்தியப் பாஸ்போர்ட்டை மடியில் கட்டியிருந்தார். 37 வயதில் கிடைத்த முதல் நாடு. ராமேஸ்வரத்தில் இறங்கி, அப்புறம் கோத்தகிரி. நீங்கள் பிறப்பால் இந்தியர். அம்மா எழுதிக் கேட்டு இந்தியரானவர்.

பெரியத்தை (ஹட்டன்): எழுதிக் கேட்டது அப்பா. அம்மா இங்கேயே இருக்கத்தான் ஆசைப்பட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

பெரியப்பா: அது பழைய கதை அக்கா.

பெரியத்தை: உனக்குப் பழசு.

சித்தப்பா: இதற்குத்தான் வேண்டாம் என்றேன்.

அண்ணி: கொடிக்குள் வைக்க உதிரிப் பூ யார் வாங்குவது? செவ்வந்தி போதுமா?

தம்பி: பெரியத்தை, அங்கே தேசிய கீதம் தமிழில் பாடுவீர்களா?

பெரியத்தை: பள்ளிக்கூடத்தில் தமிழில்தான் பாடினோம். 'ஸ்ரீ லங்கா தாயே'. 2016-ல் கொழும்பு சுதந்திர தின விழாவிலும் தமிழில் பாடினார்கள். டிவி முன்னால் எழுந்து நின்றேன். அழுதுவிட்டேன்.

சித்தப்பா: 1996-ல் கொல்கத்தாவில் உலகக் கோப்பை கிரிக்கெட் அரையிறுதியில் இந்தியா இலங்கையிடம் தோற்றதும் 'வென்றோம்' என்று கடிதம் எழுதியவர் நீங்கள்தானே?

பெரியத்தை: ஆமாம். நான் இந்த நாட்டுக்காரி. அதற்கு நீ ஒரு வருஷம் பதில் போடவில்லை.

அக்கா: அப்பாயியிடமே கேட்டுவிட்டேன். 'ஏத்துறேன். கயிறு இழுக்க மட்டும் யாராவது கூட நிக்கணும். பெரியவளுக்கு வீடியோவில் காட்டு' என்கிறார்.

பெரியத்தை: எத்தனை மணிக்கு?

அக்கா: காலை 8. தெருக்காரர்களிடம் இன்னும் சொல்லவில்லை. சித்தப்பா?

சித்தப்பா: கயிற்றை நான் பிடிக்கிறேன். ஆனால் யாராவது வாயைத் திறந்தால்... நாளைக்குப் பேசுவோம்.

பெரியப்பா: நாளைக்கு என்ன பேச்சு?

அண்ணி: செவ்வந்தி?